ஆம்பளைக் காய்ச்சல் பொய்யா?

ஆண்களுக்கு லேசாகச் சளி பிடித்தாலே வீட்டை இரண்டாக்கிவிடுவார்கள் என்று பெண்கள் கேலி செய்வது எங்கள் பீர்க்கன்கரணையிலும் உண்டு. சாதாரணச் சளி என்றால் கேலி நியாயம்தான். ஆனால் தொற்று நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் கணக்கு வேறு.

பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1937-இல் அரசு எடுத்துக்கொண்ட மருத்துவமனைதான் அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்தது. உலக அளவில் காசநோய் வருபவர்களில் பாதிக்கு மேல் வயதுவந்த ஆண்கள். பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சிறு பிள்ளைகளிடம் இந்த இடைவெளி பெரிதாகத் தெரிவதில்லை. பருவம் எய்திய பிறகுதான் விரிகிறது.

கொரோனாவிலும் இதே கதை. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தொற்றியவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் தேடிப் பிடித்த பதிவேடுகளை ஆராய்ந்து, ரமணன் லக்ஷ்மிநாராயண் குழு 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. தொற்று உறுதியானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் ஆண்களே அதிகம் இறந்திருந்தார்கள். ஆகவே ‘ஆண்கள் வெளியே சுற்றுகிறார்கள், அதனால்தான்’ என்பது பாதிப் பதில்.

மீதிப் பாதியில் பீடி, சிகரெட், சர்க்கரை எல்லாம் இருக்கின்றன. ‘பார்த்துக்கலாம்’ என்று நாளைக் கடத்தி, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கமும் இருக்கிறது. ஆனால் எலி பீடி குடிப்பதில்லையே! 2002-இல் கிளம்பிய சார்ஸ் வைரஸை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. ஆண் எலிகளே அதிகம் செத்தன. பெண் எலிகளின் சினைப்பையை நீக்கியதும் அவையும் கூடுதலாகச் சாகத் தொடங்கின. ஆண் எலிகளின் விரையை நீக்கியபோதோ பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இந்த எலிகளைப் பொறுத்தவரை ஆண் ஹார்மோன் கெடுத்தது என்பதைவிட, பெண் ஹார்மோன் காப்பாற்றியது என்பதே பொருத்தம்.

எப்படிக் காப்பாற்றுகிறது? நோய் எதிர்ப்பு அணுக்களின் மேலும் உள்ளும் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அது இருந்தால் எதிர்ப்பொருள் உற்பத்தி சுறுசுறுப்பாகிறது. பிற்பாடு நுரையீரலில் வரும் வீக்கமும் எல்லை மீறாமல் இருக்க அது உதவுகிறது. கடைசியில் ஆளை வீழ்த்துவது பல நேரம் வைரஸைவிட இந்த வீக்கம்தான். டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக எதிர்ப்பைச் சற்று அடக்கியே வைக்கும். ஃப்ளூ தடுப்பூசியில் பாதி அளவு போட்ட பெண்களிடம், முழு அளவு போட்ட ஆண்களுக்கு இணையான எதிர்ப்பொருள் உருவானதை அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது.

எல்லாம் ஹார்மோன் வேலையும் அல்ல. ஐந்து வயதுக்குள்ளும் நிமோனியா ஆண் குழந்தைகளையே கூடுதலாகப் படுத்துகிறது. அங்கே எக்ஸ் குரோமோசோம் நினைவுக்கு வர வேண்டும். வைரஸை மோப்பம் பிடிக்கும் ‘டிஎல்ஆர்7’ மரபணு அதில்தான் இருக்கிறது. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்று.

பெண் உடல் இதற்கு விலையும் கொடுக்கிறது. தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் பல மடங்கு ஏறினாலும் பாதுகாப்பு கூடுவதில்லை. சிசுவை அந்நியமென்று தாக்காதிருக்க எதிர்ப்பு மாறிக்கொள்கிறது. வயிறு மேலே தள்ள, நுரையீரலுக்கு இடமும் குறைகிறது. 2009 பன்றிக் காய்ச்சலில் கர்ப்பிணிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருமுகிற பெண்ணிடம் ‘சும்மா சளிதான்’ என்று நாம் சொல்லக்கூடாத காரணம் இதுதான்.

அப்படியானால் ஆண்களுக்கு ஆண் ஹார்மோனைக் குறைத்துவிட்டால்? செய்து பார்த்துவிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் டெகாரெலிக்ஸ் ஊசியை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் கொரோனாவோடு சேர்க்கப்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். மொத்தம் 96 பேர்; ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதே நோயில் கவலைக்கிடமான ஆண்களை வேறொரு குழு பரிசோதித்தபோது, அவர்கள் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏற்கெனவே அடிமட்டத்தில் கிடந்தது.