அரசின் பேரேடும் நம் கல்லாப்பெட்டியும்

கடை வாடகையையும் ஆள் சம்பளத்தையும் கடன் வாங்கிக் கொடுக்கும் வணிகர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? சரக்கெடுக்கக் கடன் வாங்கினால் விற்று அடைத்துவிடலாம். அன்றாடச் செலவுக்கே கடன் என்றால் முதல் கரைந்துவிடும். அரசுக் கணக்கில் இதற்குத்தான் வருவாய்ப் பற்றாக்குறை என்று பெயர்.

இதைக் கட்டுப்படுத்த 2003ஆம் ஆண்டே நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. ஆயினும் 2013-14 முதல் பற்றாக்குறை ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை, 2020-21இன் வருவாய்ப் பற்றாக்குறையை ரூ.61,320 கோடி என்றும், குடும்பம் ஒன்றின் மீதுள்ள கடனை ரூ.2,63,976 என்றும் கணக்கிட்டது.

வரியைக் கூட்டலாமா? 1.7.2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பெரும்பாலான சரக்குகளுக்கு மாநிலம் தன்னிச்சையாக வரி விதிக்க முடியாது. ஈடுசெய்ய மத்திய அரசு அளித்த இழப்பீட்டுக் காலமும் 2022 ஜூனோடு முடிந்தது. பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி போன்றவையே மாநிலத்தின் கையில் எஞ்சியவை. டீசல் வரி கூடினால் லாரி வாடகை கூடும். அது நம் தலையில்தான் விடியும்.

"இலவசங்களை நிறுத்தினால் போதும்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். சற்றே எண்ணிப் பார்ப்போம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு மேல் மாதம் ரூ.1,000 கிடைத்தது. ஆண்டுக்கு ரூ.12,000 கோடிக்கு மேற்பட்ட செலவுதான். ஆனால் அப்பணத்தில் ஒரு பங்கு மளிகையாகவும் துணியாகவும் நம் கல்லாவுக்கே திரும்புகிறது. பயன் தேவையானவருக்குப் போகிறதா என்று கேட்பது நம் உரிமை. அடியோடு நிறுத்தச் சொல்வது நம் வியாபாரத்தையும் பாதிக்கும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவையே வருவாயில் பெரும்பகுதியை விழுங்குகின்றன என்பதையும் மறக்கலாகாது.

எஞ்சியது கசிவை அடைப்பது. "பில் வேண்டாம், விலையைக் குறையுங்கள்" என்று கேட்பவருக்கு இணங்கும் கடைக்காரர், ஒழுங்காக வரி கட்டும் அடுத்த கடைக்காரரின் பிழைப்பைக் கெடுக்கிறார். இதைச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

அதே துணிவோடு அரசிடமும் கேட்போம்: எழுத்துப் பிழைக்கெல்லாம் அபராதம் விதிக்காதீர்கள், திருப்பித் தர வேண்டிய தொகையைத் தாமதமின்றித் தாருங்கள், வாங்கும் கடனை அன்றாடச் செலவுக்கன்றி, சாலைக்கும் துறைமுகத்துக்கும் செலவிடுங்கள். கணக்கு நேராக இருப்பவர் குரலுக்குத்தான் வலிமை உண்டு. முதலில் நம் கணக்கை நேராக்குவோம்.