வீண் வாக்கு என்பது யாது?

தேர்தலில் நாம் இடும் புள்ளடியை ‘வாக்கு’ என்று வழங்குகின்றோம். வாக்கு என்பது சொல். உள்ளத்தில் உள்ளதை வெளிப்படுத்துவது. ஆங்கிலேயர் இதற்கு வழங்கும் பெயரோ, இலத்தீன் மொழியில் நேர்த்தி, வேண்டுதல் எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது. ஒன்று உள்ளதை உரைப்பது. மற்றையது வேண்டியதைப் பெற முயல்வது. இவ்விரண்டும் ஒரு வழிச் செல்லும் வரையில் வாக்காளனுக்குத் துன்பம் இல்லை. உள்ளத்துக்கு உகந்தவர் வெல்லமாட்டார், வெல்லக்கூடியவர் உள்ளத்துக்கு உகந்தவரல்லர் என்னும் நிலை வரும்போதோ அவன் இருதலைக் கொள்ளியிடைப்பட்ட எறும்பாகின்றான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் ஜனாதிபதித் தேர்தல் இந்நிலையைத் தவறாது கொண்டுவருகின்றது. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்னும் இரு பெருங் கட்சிகளின் வேட்பாளரையும் மனம் ஒப்பாத ஒருவன், தன் கொள்கைக்கு இசைந்த மூன்றாமவருக்கு வாக்களிக்க விழைகின்றான். உடனே நண்பர், “உன் வாக்கு வீணாகும், நீ வெறுப்பவனே வெல்வான்” என்கின்றனர். அவனோ, “மனச்சாட்சிக்கு மாறாக இடும் வாக்கே வீண்” என்கின்றான். ‘வீண்’ என்னும் சொல்லுக்கு வரையறை கண்டாலன்றி இவ்வழக்குத் தீராது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அந்நாட்டுத் தேர்தல் ஏற்பாட்டை அறிதல் வேண்டும். அங்கே மக்கள் ஜனாதிபதியை நேரே தெரிவு செய்வதில்லை. மாநிலந்தோறும் தேர்வாளர் எனப்படுவோர் தெரிவாகின்றனர். இக்காலத்தில் அவர் தொகை 538. அவருள் 270 பேரைப் பெற்றவரே ஜனாதிபதி. மேய்ன், நெப்ராஸ்கா என்னும் இரண்டும் ஒழிந்த 48 மாநிலங்களில், ஒரு வாக்கால் முந்தியவரும் அம்மாநிலத் தேர்வாளர் அனைவரையும் பெறுவார். பிந்தியவருக்கு ஒன்றும் இல்லை. 1992இல் ரொஸ் பெரோ என்னும் செல்வர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 19 வாக்குகள் பெற்றும், தேர்வாளருள் ஒருவரையேனும் பெற்றிலர். 1968இல் ஜோர்ஜ் வொலஸ் அவரினும் குறைவாக 13.5 வீதமே பெற்றார். எனினும் அவ்வாக்குகள் தென்மாநிலங்களில் குவிந்திருந்தமையால் 46 தேர்வாளரை அடைந்தார். எத்தனை பேர் என்பதோடு, எங்கே இருக்கின்றனர் என்பதும் அங்கே வினாவாகின்றது. ஒரே புள்ளடி இட்டு முந்தியவரையே தேரும் இத்தகைய முறை நாளடைவில் இரு கட்சிகளையே நிலைபெறுத்தும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டியுவேர்ஜே 1951இல் எடுத்து விளக்கினார்.

இனி, ‘வீண் வாக்கு’ என்பார் காட்டும் சான்றுகளைக் காண்போம். அவற்றுள் பழையதும் நெஞ்சை உறுத்துவதுமாகிய ஒன்று 1844ஆம் ஆண்டுத் தேர்தல். விக் கட்சியின் ஹென்றி கிளேயும் ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க்கும் போட்டியிட்டனர். இருவரும் அடிமைகளை உடையவர்கள். ரெக்சாஸ் நாட்டை இணைத்து அடிமை முறையின் எல்லையை விரிக்கத் துணிந்து நின்றவர் போல்க். கிளேயோ அவ்விணைப்பை முதலில் எதிர்த்துப் பின்னர்த் தளர்ந்து பேசினார். அடிமை முறையைப் பாவமெனக் கண்ட சிலர் இருவரையும் ஒதுக்கி, விடுதலைக் கட்சியின் ஜேம்ஸ் பேர்ணிக்கு வாக்களித்தனர். பேர்ணி தாம் உடைமையாகக் கொண்டிருந்த அடிமைகளை விடுவித்த பின்னரே அறப்போரில் இறங்கியவர்.

விளைவு யாது? நியூ யோர்க் மாநிலத்தில் போல்க் 5,000 வாக்குகளுக்குச் சற்று மேலான வேறுபாட்டால் வென்றார். அங்கே பேர்ணி பெற்றவை 15,000க்கும் மேல். நியூ யோர்க்கின் 36 தேர்வாளரும் கிளேயைச் சார்ந்திருப்பின் அவரே ஜனாதிபதியாகியிருப்பார். போல்க்கின் வெற்றியையே மக்கள் ஆணையெனக் கொண்டு இணைப்புத் தீர்மானம் நிறைவேறிற்று. 1845இன் இறுதியில் ரெக்சாஸ் அடிமை மாநிலமாக ஒன்றியத்துட் புகுந்தது. 1846இல் மெக்சிக்கோவுடன் போர் மூண்டது. அடிமைத்தளையை வெறுத்தோர் இட்ட வாக்கு, அத்தளை நீளுவதற்கே வழிவிட்டது எனின், அதனை வீண் என்றல் போதாது. கேடு என்றே கூறல் வேண்டும்.

ஆயின் கதை அவ்விடத்தில் முடியவில்லை. தோற்ற அச்சிறு கூட்டத்தார் வீடு சென்று உறங்கினாரல்லர். 1848இல் அவருட் பெரும்பாலார் பிற கட்சிகளினின்று பிரிந்து வந்தோருடன் கூடிச் சுதந்திர நிலக் கட்சியை அமைத்தனர். ‘அடிமை முறையை உடனே ஒழிக்க’ என்னும் முழக்கத்தைத் தளர்த்தி, ‘புதிய நிலங்களில் அது பரவாதிருக்க’ என்று சுருக்கினர். அவ்வாண்டு நூற்றுக்குப் பத்து வாக்குகள் கிடைத்தன. 1854இல் தோன்றிய குடியரசுக் கட்சியில் அவர்கள் கலந்தனர். 1860இல் அக்கட்சியின் ஆபிரகாம் லிங்கன் வென்றார். 1865இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1857இல் மறைந்த பேர்ணி இதனைக் காணும் பேறு பெற்றிலர். 1844இல் கேடாகத் தோன்றிய வாக்கு இருபது ஆண்டின் பின் வித்தாகத் தோன்றுகின்றது. எது மெய்? இரண்டும் மெய் என்பதே என் கருத்து.

இதனோடு 2000ஆம் ஆண்டுத் தேர்தலை ஒப்பிட்டால் உண்மை மேலும் தெளியும். ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், அல் கோர் இருவரோடும் பசுமைக் கட்சியின் சார்பில் ரால்ப் நேடர் போட்டியிட்டார். நுகர்வோர் நலனுக்காக நெடுங்காலம் உழைத்த பெருமகன் அவர். இரு பெருங் கட்சிகளும் பெருநிறுவனங்களின் ஏவலாளர், இவற்றிடை வேற்றுமை சிறிது என்பது அவர் வாதம். நாடு முழுவதிலும் நூற்றுக்கு 5 வாக்குப் பெற்றால் அடுத்த தேர்தலில் தம் கட்சிக்கு அரச நிதி கிடைக்கும் என்பது அவர் தரப்பினரின் கணிப்பு. அவர் பெற்றது 2.7 வீதமே.

புளோரிடாவில் புஷ் 537 வாக்குகளால் முந்தினார். அங்கே நேடர் பெற்றவை 97,488. அதன் 25 தேர்வாளரே முடிவைத் தீர்த்தனர். நாடு முழுவதிலும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அதிகம் பெற்றும் கோர் தோற்றார். குழப்பமான வாக்குச் சீட்டுகளும், ஐவர்க்கு நால்வர் எனப் பிளவுண்டு மீள் எண்ணுகையை நிறுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அம்முடிவிற் பங்குடையன. பழி முழுவதையும் நேடர் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று. எனினும் வேற்றுமை சிறிது என்ற வாதத்தைக் காலம் கடுமையாகச் சோதித்தது. ஈராக் மீது போர் தொடுக்கும் எண்ணத்தை 2002இலேயே வெளிப்படையாகக் கண்டித்தவர் கோர். 2003இல் அப்போரைத் தொடுத்தவர் புஷ். இறந்தோர்க்கு அவ்வேற்றுமை சிறிதன்று.

பசுமைக் கட்சியேனும் வளர்ந்ததா எனின், அதுவும் இல்லை. 2004இல் நேடர் கட்சி சாராது நின்று நூற்றுக்கு அரை வாக்கும் பெற்றிலர். பசுமைக் கட்சியின் வேட்பாளர் பெற்றது அதனினும் குறைவு. 1844இன் வாக்கு வித்தாயிற்று. 2000இன் வாக்கு அவ்வாறு முளைக்கவில்லை. வித்தின் தூய்மையில் வேறுபாடு இல்லை. வேறுபாடு தேர்தலுக்கு மறுநாட் காலையில் உள்ளது. முன்னையோர் பிறருடன் கூடினர், விட்டுக்கொடுத்தனர், ஊரூராக அமைப்பைக் கட்டினர். பின்னையோர்க்கு நான்காண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழாவாகவே அரசியல் அமைந்துவிட்டது. ஆகவே யான் காணும் வரையறை இது: பின்னே செயல் தொடராத வாக்கே வீண் வாக்கு. இது மூன்றாமவருக்கு இட்ட வாக்குக்கும் பொருந்தும். வெல்பவருக்கு இட்டுவிட்டு அவரை ஒரு கேள்வியும் கேளாதிருப்பவனின் வாக்குக்கும் பொருந்தும்.

இச்சிக்கலுக்கு 2000இலேயே சிலர் நூதனமான வழி ஒன்று கண்டனர். புஷ் வெல்வது உறுதியான ரெக்சாசில் கோரை ஆதரிப்பவனின் வாக்கால் கோருக்குப் பயன் இல்லை. அவன் அங்கே நேடருக்கு வாக்களிப்பதாக உடன்படுவான். அதற்கு மாற்றாக, புளோரிடா போன்ற இழுபறி மாநிலத்தில் உள்ள நேடர் ஆதரவாளன் கோருக்கு வாக்களிப்பான். கலிபோர்னியா அதிகாரிகள் இதனைக் குற்றமென அச்சுறுத்தித் தடுத்தனர். 2007இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றமோ, இவ்வுடன்படிக்கை பேச்சுச் சுதந்திரத்தின் காவலுக்கு உட்பட்டதெனத் தீர்ப்பளித்தது. அந்நீதிபதிகள் தமிழ் அறியார். ஆயினும் வாக்கு என்பது சொல்லே என்று நாம் கண்ட பொருளுக்கு அணிமையில் வந்துவிட்டனர்.

2024இல் இச்சிக்கல் இன்னும் கூர்மையுற்றது. காசாப் போரில் இஸ்ரேலுக்கு ஆயுதம் வழங்கியமையைக் கண்டித்து, மிச்சிகன் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெப்ரவரியில் நிகழ்ந்த கட்சியின் முதனிலைத் தேர்தலில் ‘எவரையும் சாரேன்’ என்னும் கட்டத்திற் புள்ளடியிட்டனர். இதனைச் சிறந்த உபாயமென்பேன். பொதுத் தேர்தலுக்கு முன், தன் வீட்டினுள்ளேயே, மாற்றான் வெல்லும் அச்சமின்றி உரைத்த சொல் அது. அச்சொல்லைக் கட்சித் தலைவர் போதிய அளவு செவிமடுக்கவில்லை. நவம்பரில் அம்மக்களுட் சிலர் தாய்வழியில் தமிழ்க் குடியினராகிய கமலா ஹாரிசுக்கும், சிலர் பசுமைக் கட்சிக்கும், சிலர் டொனால்ட் ட்ரம்புக்கும் வாக்களித்தனர், சிலர் வீட்டிலிருந்தனர். மிச்சிகனில் ட்ரம்ப் ஏறத்தாழ 80,000 வாக்குகளால் வென்றார். பசுமைக் கட்சி பெற்றவை அவ்வேறுபாட்டினும் குறைவு. ஆதலின் தோல்விக்கு அவ்வாக்குகளே காரணம் எனக் கூறல் பொருந்தாது.

என் வகுப்பு மாணவர் ஒருவர், “ஐயா, தம் உறவினர் மீது விழுந்த குண்டுக்குப் பொறுப்பானவர்களுக்கே, மற்றவர் இன்னும் தீயவர் என்று சொல்லி வாக்குக் கேட்பது முறையா?” என்று வினவினார். போரில் இழப்புற்ற மண்ணில் வாழும் எனக்கு, அத்தகையோரை நோக்கிக் கணக்குக் கூற நாவெழவில்லை. கணக்கு அறிந்தோரும் சில வேளைகளில் கையை எடுத்துச் செல்ல இயலாத கட்டம் உண்டு. ஆனால் வேட்பாளர்க்கு அச்சலுகை இல்லை. மக்கள் வாக்கு எக்கட்சிக்கும் முதுசொம் அன்று. தோற்றபின் வாக்காளரை நோவதினும், தேர்தலுக்கு முன் அவர் சொல்லைக் கேட்டிருத்தல் நன்று.

சிக்கலின் வேர் ஒற்றைப் புள்ளடியில் உள்ளது. விருப்ப வரிசைப்படி எண்ணிடும் முறை இருப்பின், முதலாவதைக் கொள்கைக்கும் இரண்டாவதைப் பயனுக்கும் அளிக்கலாம். மேய்ன் மாநிலம் 2016இல் மக்கள் வாக்கெடுப்பால் இம்முறையை ஏற்று, 2020இல் ஜனாதிபதித் தேர்தலுக்கும் வழங்கிற்று. அலாஸ்கா 2020இல் ஏற்று 2022இல் நடைமுறைப்படுத்திற்று. 2024இல் கொலராடோ, ஐடகோ, நெவாடா, ஒரிகன் ஆகிய மாநிலங்களின் மக்கள் இதனை நிராகரித்தனர்.

அமெரிக்கர் இவ்வாறு தேடித் திரியும் கருவி நம் கையில் முன்னரே உண்டு. 1982 முதல் இலங்கையின் ஜனாதிபதித் தேர்தற் சீட்டில் 1, 2, 3 என விருப்பு வாக்கு அளிக்கலாம். 2024இலேதான் முதன்முறையாக அவ்விருப்பு வாக்குகளை எண்ண நேர்ந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றிருந்தனர். ஏனையோர்க்கு விழுந்த 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில், இவ்விருவர்க்கும் விருப்பு வாக்காக வந்தவை மூன்று இலட்சத்திற்கும் குறைவு. எஞ்சியோர் தம் இரண்டாம் சொல்லைச் சொல்லாமலே விட்டனர். உரிமை ஏட்டில் இருந்து என்? பயிலாத கருவி துருப்பிடிக்கும்.

எனவே, கருவி அற்ற அமெரிக்க வாக்காளன் செய்யத்தக்கது யாது? தன் மாநிலத்தின் முடிவு உறுதியாயின், மனச்சாட்சியின்படி உரைக்கட்டும். அதனால் எவர்க்கும் தீங்கு இல்லை. இழுபறி மாநிலத்தில் வாழ்பவன், தன் புள்ளடியால் யாருடைய உயிரும் உரிமையும் எப்பக்கம் சாயும் என்று எண்ணிப் பார்த்த பின்னரே இடட்டும். எதனைத் தேர்ந்தாலும் மறுநாள் செய்யவேண்டிய பணியையும் அதனோடு சேர்த்தே தேரட்டும். நம்மவர்க்குக் கூறவேண்டியது இதனினும் எளிது: அடுத்த முறை சீட்டைப் பெறும்போது 1 என எழுதியதும் எழுதுகோலை வைத்துவிடாதீர்கள். 2 என எழுதுவதற்கு ஒரு கணமே தேவை.