பணம் போச்சு, பில் வரலையா?

ஜவுளிக்கடையில் கார்டு தேய்க்கிறீர்கள். பணம் எடுக்கப்பட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்துவிட்டது. கடை மெஷினோ ‘டிக்ளைன்டு’ என்று சீட்டு நீட்டுகிறது. அப்படியானால் பணம் எங்கே?

உங்கள் வங்கி கணக்கில் கழித்துவிட்டது; அதன் ஒப்புதல் மட்டும் கடைக்குப் போய்ச் சேரவில்லை. இரு தரப்பு வங்கிகளும் பின்னர் கணக்கை ஒத்துப்பார்க்கும்போது இந்தத் தொகை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி, அடுத்த 5 நாட்களுக்குள் அது தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும். தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதையும் நீங்கள் கேட்காமலே வங்கி வரவு வைக்க வேண்டும். கேட்டு வாங்க வேண்டியிருப்பதுதான் பல நேரம் நடைமுறை!

ஏ.டி.எம்.மில் நோட்டு வராமல் கணக்கில் கழிந்தாலும் இதே விதிதான். பணம் திரும்பும்வரை அந்தச் சீட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.