ஈரலிற் பரவிய புற்றுநோய்: வெட்டுதலா, சுடுதலா?

பெருங்குடலிலிருந்து செல்லும் குருதி, வாயினாளத்தினூடாக முதலில் ஈரலையே அடைகின்றது. பெருங்குடற் புற்றுநோய் பிற உறுப்புகளைவிட ஈரலிற் பெரிதும் பரவுவதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும். இவ்வாறு தோன்றும் கழலைகளை நீக்க இரு வழிகள் உள. ஒன்று, சத்திரசிகிச்சையால் அப்பகுதியை வெட்டியெடுத்தல். மற்றையது, கழியொலிப் படத்தின் துணையுடன் கழலையினுள் ஊசியொன்றைச் செலுத்தி, நுண்ணலை வெப்பத்தால் அதனை அவ்விடத்திலேயே அழித்தல்.

வெட்டியபின் எஞ்சும் ஈரல் மீண்டும் பெருக்கவல்லது. இவ்வியல்பே சத்திரசிகிச்சைக்கு வலுவளித்தது; நெடுங்காலமாக அதுவே உயர்ந்த முறையெனக் கொள்ளப்பட்டது. ஆயினும், இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஒப்பீடுகளிற் குறையொன்று இருந்தது. வெப்பச் சிகிச்சை பெற்றோரிற் பலர் சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டாதவர்கள். அவர்களது நோய்நிலையின் விளைவு, சிகிச்சைமுறையின் குறையாகக் கணிக்கப்பட்டது.

இக்குறையைக் களையும் ஆய்வொன்று 2017 இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்டது. ‘கொலிஷன்’ எனப் பெயரிய அவ்வாய்வின் முடிவுகள் 2025 இல் வெளியாயின. 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, பத்துக்கு மிகாத கழலைகளையுடைய 296 நோயாளர் எழுமாறாக இரு சமகூறாக்கப்பட்டனர். ஏறத்தாழ 29 மாத இடையப் பின்தொடர்வில், உயிர்பிழைத்திருத்தலில் இரு கூறுகளுக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், பாதக விளைவுகள் சத்திரசிகிச்சைக் கூற்றில் 46 வீதத்தினருக்கும், வெப்பக் கூற்றில் 19 வீதத்தினருக்கும் ஏற்பட்டன. சிகிச்சையின் விளைவாக முன்னைய கூற்றில் மூவர் இறந்தனர். பின்னையதில் எவரும் இறக்கவில்லை. இடைக்கால மதிப்பீட்டிலேயே முடிவு தெளிவானமையால் ஆய்வு முன்கூட்டி நிறுத்தப்பட்டது.

இதனால் சத்திரசிகிச்சை காலாவதியாயிற்று எனக் கொள்வது தவறாகும். கழலை பெரிதாயின் அதன் விளிம்புவரை வெப்பம் முழுமையாகச் சென்றடைவது அரிது. பெரிய குருதிக்கலனின் அருகில், ஓடும் குருதி வெப்பத்தைக் கவர்ந்துசெல்லும். பெரிய பித்தக்கான்களின் அருகில், வெப்பமே அவற்றுக்கு ஊறு விளைவிக்கும். மேலும், வெட்டியெடுத்த இழையத்தின் விளிம்பை நுணுக்குக்காட்டியின்கீழ்ச் சோதிக்கலாம். சுட்டழித்ததைப் படங்களைக்கொண்டே மதிப்பிடவேண்டும்.

எனவே, இரு வழிகளும் பொருந்தும் சிறு கழலைகளில், தீங்கு குறைந்த வழி முதலிற் கருதப்படுதல் நியாயமானது என்பதே எமது கருத்து. நாட்கூலியில் வாழும் ஒருவருக்கு, பெரிய வயிற்றுக் காயமின்றி விரைவில் வீடு திரும்புதல் சிறு நன்மையன்று. சத்திரசிகிச்சை நிபுணரும் கதிரியல் நிபுணரும் ஒருங்கிருந்து முடிவுசெய்வதும், இரு வழிகளையும் நோயாளிக்கு விளக்குவதும் இன்றியமையாதன. ஒரு மருத்துவமனையின் பழக்கம் மட்டுமே ஒருவரது சிகிச்சையைத் தீர்மானித்தலாகாது.