விக்கெட் விழுந்தா வீட்ல யாரு காரணம்?

இன்னைக்கு சிஎஸ்கே எபிசோட். ஆனா ஏலம், பாயிண்ட்ஸ் டேபிள் பத்தியெல்லாம் பேசப் போறதில்ல. மேட்ச் அன்னைக்கு நம்ம வீடுகள்ல ஒரு கூத்து நடக்கும் பாருங்க: அதே துவைக்காத ஜெர்சி, அதே நாற்காலி, ‘யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்காதீங்க’ங்கிற உத்தரவு. அது எப்படி ஆரம்பிக்குது, பொய்னு தெரிஞ்சும் ஏன் விட முடியலைங்கிறதுதான் விஷயம். எங்க வீட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் ஊர் செஞ்சி. திருவண்ணாமலை ரோடு ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுல புகுந்து போகுமே, அந்த ஊர். அப்பாவுக்குக் கடைத்தெருவுல மளிகைக் கடை. 2008-ல ஐபிஎல் வந்தப்போ எனக்குப் பதினொரு வயசு. முதல் சடங்கு பொறந்தது 2010 ஏப்ரல்ல. தர்மசாலாவுல பஞ்சாப் கூட மேட்ச், கடைசி ஓவர்ல 16 ரன் வேணும், தோத்தா வெளிய. அப்பா அப்போதான் கடையைச் சாத்திட்டு வந்து, செருப்பைக் கூடக் கழட்டாம நிலைப்படியிலயே நின்னுட்டார். தோனி இர்பான் பதான் பந்துல வரிசையா ரெண்டு சிக்ஸ் அடிச்சு முடிச்சு, தன் ஹெல்மெட்டைத் தானே குத்திக்கிட்டார். அந்த வருஷம் கப்பும் வந்துச்சு. அன்னைல இருந்து சேஸிங்னா அப்பா நிலைப்படியிலதான், செருப்போட. அம்மா திட்டிப் பார்த்து விட்டுட்டாங்க.

இது ஏன்னு எனக்குப் புரிஞ்சது காலேஜ்ல, ஒரு புறா ஆராய்ச்சியைப் படிச்சப்போ. பி.எஃப். ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், 1948-ல எழுதின கட்டுரை. பசியில இருக்கிற புறாக்களைத் தனித்தனிக் கூண்டுல விட்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை தீனி வர்ற மாதிரி ஒரு ஏற்பாடு. புறா என்ன செஞ்சாலும் தீனி வரும், செய்யலைன்னாலும் வரும். ஆனா கொஞ்ச நேரத்துல ஒரு புறா வட்டம் அடிக்க ஆரம்பிச்சுது. இன்னொண்ணு கூண்டு மூலையில தலையை நீட்டிட்டே இருந்துச்சு. தீனி வந்த நேரத்துல தற்செயலா எது என்ன செஞ்சுட்டு இருந்துச்சோ, அதையே திரும்பத் திரும்ப. படிச்சதும் எனக்கு அப்பாவோட செருப்புதான் ஞாபகம் வந்துச்சு.

சரி, புறாவுக்குக் கணக்கு தெரியாது. எனக்குத் தெரியுமே? ஒரு டீம் 10 மேட்ச்ல 6 ஜெயிக்கிற டீம்னு வச்சுக்கங்க. ஒரு சீசன்ல 14 லீக் மேட்ச். அதுல எங்கேயாவது வரிசையா மூணு வெற்றி வர்றதுக்கான வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல. அதாவது நீங்க எந்தச் சட்டையைப் போட்டாலும் அதுக்கு ஒரு ஹாட்ரிக் கிடைச்சுடும்! நல்லா ஆடற டீமோட ரசிகனுக்குத்தான் மூடநம்பிக்கை சுலபமா வளரும்னு நான் நினைக்கிறேன். அடிக்கடி ஜெயிக்கும்போது எந்தச் சடங்குக்கும் சாட்சி கிடைச்சுக்கிட்டே இருக்கும்.

தோத்தா? அங்கதான் மூளை விளையாடும். 2018-ல தடை முடிஞ்சு டீம் திரும்ப வந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காவிரிப் போராட்டத்தால சேப்பாக்கம் மேட்சுகள் புனேவுக்குப் போச்சு. ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’னு தனி ரயில் விட்டு ரசிகர்களைக் கூட்டிட்டுப் போனாங்க. வாட்சன் அங்க ஒரு செஞ்சுரி போட்டார். எனக்கு அந்த ரயில்ல இடம் கிடைக்கல. அந்த வயித்தெரிச்சல்ல ஃபைனல் அன்னைக்குக் காலையில நாங்க நாலு பேரு மஞ்சள் ஜெர்சியோட ராஜகிரி ஏறினோம். மே மாச வெயில், பாறையில கை வைக்க முடியல. ராத்திரி வாட்சன் 57 பந்துல 117. கப்பு வந்தாச்சு. ஏறினதுதான் காரணம்னு முடிவே பண்ணிட்டோம்.

அடுத்த வருஷ ஃபைனலுக்கும் ஏறினோம். ஒரு ரன்ல தோத்தோம். நேர்மையான ஆளா இருந்தா ‘மலைக்கும் மேட்சுக்கும் சம்பந்தம் இல்ல’ன்னு சொல்லியிருக்கணும். நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? ‘ஆயா உள்ள வந்துடுச்சு.’

ஆயான்னா அப்பாவோட அம்மா. கிரிக்கெட் விதியெல்லாம் அதுக்குத் தெரியாது, ஆனா தோனியைத் தெரியும். ‘அந்தப் புள்ள வந்துடுச்சா?’ன்னு கேட்கும். 2019 ஃபைனல்ல தண்ணி குடிக்க உள்ள வந்த நேரம், தோனி ரன் அவுட். தேர்டு அம்பயர் எத்தனை கோணத்துல போட்டுப் பார்த்தாருன்னு உங்களுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் ஆயா கையில சொம்போட அப்படியே நிக்குது. பெரிய திரையில அவுட்னு வந்ததும் அப்பா திரும்பி, ‘எம்மா, நீ போய் வெளிய குந்து’ன்னார். நானும் ‘போ ஆயா’ன்னேன். அதையும் சொல்லித்தான் ஆகணும். வாட்சன் முட்டியில ரத்தம் வழிய 80 அடிச்சதையும், கடைசிப் பந்துல மலிங்கா எல்பிடபிள்யூ எடுத்ததையும் நாங்க டிவியில பார்த்தோம். ஆயா திண்ணையில இருந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சு: ‘இன்னாடா ஆச்சு?’

இந்த இடத்துல ஒரு மானுடவியலாளரைக் கூட்டிட்டு வர்றேன். மலினோவ்ஸ்கி, நூறு வருஷத்துக்கு முன்னாடி பசிபிக்ல டிரோபிரியாண்ட் தீவுகள்ல தங்கி ஆராய்ச்சி பண்ணினவர். அங்க உள்கழியில மீன் பிடிக்கப் போறவங்க மந்திரம் எதுவும் பண்றதில்ல. அங்க ஆபத்து இல்ல, மீன் கிடைக்கும்னு தெரியும். ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் அத்தனை மந்திரமும் சடங்கும். இதைப் படிச்சுட்டு ஜார்ஜ் மெல்ச்னு ஒருத்தர், அவரே பேஸ்பால் ஆடினவர், வீரர்களோட பழக்கங்களைப் பார்த்தார். ஃபீல்டிங்ல சடங்கு ரொம்பக் குறைவு, ஏன்னா வர்ற பந்தை அநேகமாப் பிடிச்சுடுவாங்க. பேட்டிங்லயும் பந்து எறியறதுலயும்தான் கொட்டிக் கிடக்குது. வேட் பாக்ஸ்னு ஒரு பெரிய பேட்ஸ்மேன் ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாடியும் சிக்கன் சாப்பிடுவார். நம்ம பசங்க பிரியாணி ஆர்டர் பண்றதுக்கு இனிமே அவரைக் காரணம் காட்டலாம்.

அப்போ கை மீறிப் போற இடத்துலதான் சடங்கு முளைக்குது. ஆனா வீரன் கையிலயாவது மட்டை இருக்கு. பார்க்கிறவன் கையில ரிமோட்தான் இருக்கு. நமக்கு மேட்ச் முழுக்கவே ஆழ்கடல். அதனாலதான் கட்டுப்படுத்த முடிஞ்ச ஒரே விஷயத்தை, வீட்ல யாரு எங்க உட்காரணும்ங்கிறதை, கையில எடுத்துக்கறோம். இன்னொண்ணும் இருக்கு. 1976-ல ராபர்ட் சியால்டினியும் அவர் குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. காலேஜ் டீம் ஜெயிச்சா மாணவர்கள் ‘நாம ஜெயிச்சோம்’னும், தோத்தா ‘அவங்க தோத்தாங்க’ன்னும் சொல்றது அதிகம்னு. எங்க வீட்ல ‘நாம தோத்தோம்’னு சொல்லாம இருக்க இன்னும் சுலபமா ஒரு வழி இருந்துச்சு. ‘ஆயாவால தோத்தோம்.’

2021 ஃபைனல், துபாய்ல. கொல்கத்தா பேட்டிங் ஆரம்பிக்கும்போது ஆயா தானா எழுந்து, பாயைச் சுருட்டி அக்குள்ல வச்சுக்கிட்டு திண்ணைக்குப் போயிடுச்சு. யாரும் போகச் சொல்லல. யாரும் உள்ள வான்னும் சொல்லல. 27 ரன்ல ஜெயிச்சோம். நான்தான் வெளிய ஓடிப்போய்ச் சொன்னேன். ‘பார்த்தியா, நான் வெளிய வந்ததாலதான்’னு சிரிச்சுது. பொக்கைச் சிரிப்பு. அடுத்த ஐபிஎல் வர்றதுக்குள்ள ஆயா போயிடுச்சு.

2023 ஃபைனல் அகமதாபாத்ல. மழையால ஒரு நாள் தள்ளிப்போய், மே 29 ராத்திரி ஆரம்பிச்சது. நான் ஓஎம்ஆர் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு ஊருக்கு வந்திருந்தேன். நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் நமக்கு எதிரா 96 அடிக்கிறான், திட்டவும் மனசு வரல. அப்புறம் மறுபடி மழை, 15 ஓவர்ல 171-னு இலக்கு, தோனி முதல் பந்துலயே அவுட். மணி ஒண்ணரை ஆகப்போகுது. கடைசி ஓவர் ஆரம்பிச்சப்போ திரும்பிப் பார்க்கிறேன், நிலைப்படியில அப்பா இல்ல. வெளிய திண்ணையில, ஆயா பாய் போடற மூலையில, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். செருப்பு நிலைப்படியிலயே கிடந்துச்சு.

2 பந்துல 10. ஜடேஜா ஒரு சிக்ஸ். அடுத்தது ஃபைன் லெக் பக்கம் ஃபோர். தெருவே கத்துது, யாரோ அந்த நேரத்துல வெடி வைக்கிறான். நான் கத்துறதை நிறுத்தறதுக்குள்ள வெளிய இருந்து குரல் வந்துச்சு.

‘இன்னாடா ஆச்சு?’

அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரையும் வெளிய அனுப்பறதில்ல. பக்கத்து வீட்டுக் குழந்தைங்க சூப்பர் ஓவரா இருந்தாலும் உள்ள ஓடும், வெளிய ஓடும், அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். 2024-ல ரன்ரேட்ல பிளே ஆஃப் போச்சு, 2025-ல முதல் தடவையா கடைசி இடம். புறாக் கதை, மலினோவ்ஸ்கி கதை எல்லாத்தையும் அவர்கிட்ட உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, ‘அதெல்லாம் சரிடா, யாராவது ஒருத்தர் வெளிய உட்கார்ந்திருக்கணும்’னார்.

அடுத்த சீசனுக்கு அவரும் நானும் மாத்தி மாத்தி உட்காரறதாப் பேச்சு. சந்திப்போம் மக்களே.