மெனிண்டி: செம்மண் வெளியில் ஏரிகளும் ஓர் ஆறும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரம். அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் மெனிண்டி ஏரிகளும் டார்லிங் ஆறும் உள்ளன. மெனிண்டி ஊர் வரை நல்ல தார்ச்சாலை; காலையில் காரில் கிளம்பினால் இருட்டும் முன் திரும்பிவிடலாம். வழி நெடுகச் செம்மண், முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் புதர்கள், எப்போதாவது சாலையோரம் ஓர் ஈமு. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் இந்த நிலத்தில், வெள்ளம் வந்த ஆண்டுகளில் மறுகரை தெரியாத அளவுக்கு நீர் விரிந்து கிடக்கும். வராத ஆண்டுகளில் அதே இடம் வெடித்த களிமண் தரை.

இந்த நீர் உள்ளூர் மழையால் வருவதல்ல. பல நூறு கிலோமீட்டர் வடக்கே, குவின்ஸ்லாந்திலும் வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் பெய்யும் மழை, டார்லிங் வழியாக வாரக்கணக்கில் நகர்ந்து இங்கே வந்து சேர்கிறது. ஆற்றையொட்டி இயற்கையாகவே பள்ளங்கள் உண்டு. வெள்ளக் காலத்தில் அவை நிரம்பும். ஆறு தாழ்ந்ததும் நீரின் ஒரு பகுதி ஆற்றுக்கே திரும்பும், மீதி வெயிலில் வற்றும். 1949இல் தொடங்கி 1968இல் முடிந்த பணிகள் இந்த ஒழுங்கை மாற்றின. ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய தடுப்பணை எழுந்தது. அதன் பின்னால் தேங்கிய நீரே வெதரெல் ஏரி. அங்கிருந்து மதகுகள் வழியாகப் பமமாரு, மெனிண்டி, காவண்டிலா என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் இறங்குகிறது. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 1,731 ஜிகாலிட்டர், அதாவது சுமார் 61 டி.எம்.சி.

பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் பமமாருவுக்குத்தான். ஏரிக்குள் பட்டுப்போன மரங்கள் வெளிறிய கிளைகளோடு நிற்கின்றன. அணை வந்த பின் நீர் நெடுநாள் தேங்கியதில் வேர் மூச்சடைத்து இறந்தவை அவை. இப்போது கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்துகின்றன; கீழே கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதக்கின்றன. அருகிலுள்ள கோப்பி ஹாலோவில் நீந்தலாம், படகு விடலாம்.

மெனிண்டி சிற்றூர்தான், ஆனாலும் ஆஸ்திரேலிய வரலாற்றில் அதற்கு இடமுண்டு. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்க மெல்போர்னில் புறப்பட்ட பர்க், வில்ஸ் குழு 1860 அக்டோபரில் இங்கே தங்கியது. பொறுமையிழந்த பர்க், குழுவை இங்கேயே இரண்டாகப் பிரித்து முன்னே விரைந்தார். அடுத்த ஆண்டு பர்க்கும் வில்ஸும் கூப்பர் ஓடைக் கரையில் உணவின்றி இறந்தார்கள்.

ஊருக்குத் தென்மேற்கே கிஞ்சேகா தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1967 வரை அது பெரிய ஆட்டுப் பண்ணை. 1875இல் கட்டிய கம்பளி கத்தரிக்கும் கொட்டகை இன்றும் நிற்கிறது: ஆற்றங்கரை யூக்கலிப்டஸ் மரத்தூண்கள், மேலே தகரம். பண்ணை மூடப்படும் வரை இங்கே கத்தரிக்கப்பட்ட ஆடுகள் சுமார் 60 லட்சம். கம்பளி மூட்டைகளை ஏற்றிச் செல்ல அன்று ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடின. 1872இல் ‘பிராவிடன்ஸ்’ என்ற படகு இங்கே வெடித்துச் சிதறியது; அதன் துருப்பிடித்த கொதிகலன் இன்றும் பூங்காவில் கிடக்கிறது.

ஆற்றைப் பார்க்கும்போது அதன் துயரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்பகுதிப் பழங்குடிகளான பார்க்கன்ஜி மக்களுக்கு இந்த ஆறு பாக்கா. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவர்களின் வாழ்வாதாரம். 2015இல் நீதிமன்றம் அவர்களின் நில உரிமையை ஏற்றது. ஆனால் ஆற்றில் நீர் வருவது அவர்கள் கையில் இல்லை. மேல்பகுதியில் பாசனத்துக்கு, முக்கியமாகப் பருத்திக்கு, நீர் எடுக்கப்படுகிறது. வறட்சியில் மிச்சம் மிகக் குறைவு. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மெனிண்டியில் ஓட்டம் நின்ற ஆற்றில் நீலப்பச்சைப் பாசி பெருகியது. திடீரென வெயில் தணிந்தபோது, அடியில் தேங்கியிருந்த ஆக்சிஜனற்ற நீர் மேல்நீரோடு கலந்தது. மீன்களுக்கு ஒதுங்க இடமில்லை. பல லட்சம் செத்தன. பல பத்தாண்டு வயதான மரே காட் மீன்களும் அவற்றில் அடக்கம். 2023 மார்ச்சில் நடந்தது அதைவிடப் பெரிது. வெள்ளத்தில் பெருகிய மீன்கள், ஆறு வடிந்து வெப்பம் ஏறியபோது ஆக்சிஜனின்றித் திணறி, 2 கோடிக்கும் மேல் மடிந்தன. வறட்சியை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. ஆற்றை நிர்வகித்த முறைக்கும் இதில் பங்குண்டு.

ஏரிகள் நிரம்பியிருக்கும்போது ஆண்டுக்கு 400 ஜிகாலிட்டருக்கும் மேல் ஆவியாகிப் போகிறது என்பது அரசின் கவலை. அதைக் குறைக்க ஏரிகளைச் சுருக்கினால் பறவைகளும் மீன்குஞ்சுகளும் எங்கே போகும் என்பது உள்ளூர் மக்களின் கேள்வி. புரோக்கன் ஹில் நகரம் முன்பு இந்த ஏரிகளிலிருந்தே குடிநீர் எடுத்தது. இப்போது மரே ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டர் குழாய் வழியாகப் பெறுகிறது. அந்தத் தேவை விலகிய பின் ஏரிகளில் நீர் தேக்கும் அக்கறையும் குறைந்துவிடுமோ என்று மெனிண்டிக்காரர்கள் அஞ்சுவதில் நியாயமிருக்கிறது.

பயணத்துக்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பூங்காவுக்குள் மண் பாதைகள்தான். மழை பெய்தால் அவை மூடப்படும், மூடிய பாதையில் ஓட்டினால் அபராதம். பல இடங்களில் செல்போன் எடுக்காது, வழியில் சிக்கினால் உதவிக்கு அழைக்க முடியாது; அதனால் குடிநீரைத் தாராளமாக எடுத்துச் செல்ல வேண்டும். புரோக்கன் ஹில் கடிகாரம் மெனிண்டியைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடும். அந்தி சாய்ந்ததும் கங்காருக்கள் சாலையில் குறுக்கே பாயும் என்பதால், சூரியன் மறையும் முன்பே நகருக்குத் திரும்பிவிடுவது நல்லது.