நூற்றிருபது ரூபாய் மூலதனம்

நம் இல்லங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வார இதழ்களில் வெளிவந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, ஊசிநூலால் தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொள்வோம். பாட்டி படித்ததைப் பேத்தியும் படிப்பாள். ஆனால், அதே இதழில் வந்த சிறுகதையை எவரும் அவ்வாறு தைத்து வைத்ததாக நமக்கு நினைவில்லை. அது பழைய தாளோடு கடைக்குப் போய், சீரகம் மடித்த பொட்டலமாகத் திரும்பி வரும். பொட்டலத்தைப் பிரித்துப் பாதிக் கதையைப் படித்துவிட்டு, மறுபாதி எந்த வீட்டுக்குப் போயிற்றோ என்று ஏங்கியோர் நம்முள் பலர்.

சிறுகதையின் நிலை அன்றும் இன்றும் இதுவே. இதழில் ஒருமுறை வந்து மறைந்துவிடாமல் அது நிலைபெற வேண்டுமாயின், பத்துப் பன்னிரண்டு கதைகளைத் தொகுத்து எவரேனும் நூலாக்க வேண்டும். வாணிப நோக்குடைய பதிப்பாளர் இதற்குத் தயங்குவார். நாவல் விற்கும், சமையற் குறிப்பு விற்கும்; கதைத் தொகுதியோ ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடக்கும். அச்சகத்துக்கும் தாளுக்கும் முன்னதாகவே பணம் கொடுத்தவர் அவர். அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஆகவே, இலாபத்தை அளவுகோலாகக் கொள்ளாத பதிப்பாளர் ஒருவர் சிறுகதைக்குத் தேவைப்படுகிறார். அத்தகையவர் எவ்வாறு பிழைப்பார்?

இவ்வினாவுக்கு நம் அண்டை மாநிலத்துக் கோட்டயம் நகரில் 1945ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கண்டனர். அந்நாளில் மலையாள எழுத்தாளர் பலரும் தம் நூலின் உரிமையைச் சிறு தொகைக்குப் பதிப்பாளரிடம் விற்றுவிட்டு வெறுங்கையோடு நின்றனர். வைக்கம் முகம்மது பஷீர் தம் புத்தகங்களைத் தாமே சுமந்து வீடு வீடாக விற்றார். இந்நிலையை மாற்ற எழுத்தாளர் பன்னிருவர் கூடி, நூற்றிருபது ரூபாய் மூலதனத்துடன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். ‘சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம்’ என்பது அதன் பெயர். பன்னிருவர் என்றதும் நம் வாசகருக்கு வேறொரு பன்னிருவர் நினைவுக்கு வருவர். அவர்களிடமும் பணப்பை கனமாக இருந்ததில்லை.

சங்கத்தின் முதல் தலைவர் எம். பி. பால். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்; கல்லூரி ஆசிரியர்; சிறுகதை என்னும் வடிவத்தைப் பற்றி மலையாளத்தில் முதன்முதலில் தனி நூல் எழுதிய திறனாய்வாளருள் ஒருவர். திருச்சபை அதிகாரிகளோடு அவருக்குக் கடும் மனவேற்றுமை இருந்தது என்பதையும், 1952இல் அவர் இறந்தபோது அடக்கத்திலும் அக்கசப்பு தொடர்ந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவருடைய உழைப்பின் பயனை எல்லாரும் அனுபவித்தனர்.

முதல் செயலாளர் காரூர் நீலகண்ட பிள்ளை தொடக்கப்பள்ளி ஆசிரியர், தேர்ந்த சிறுகதையாசிரியர். ‘பொதிச்சோறு’ என்னும் அவருடைய கதையில், பசி தாளாத ஆசிரியர் ஒருவர் மாணவன் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைத் திருடித் தின்றுவிடுகிறார். அக்காலத்து ஆசிரியர் சம்பளம் எத்தகையது என்பதை அறிய இதைவிட வேறு சான்று வேண்டுமோ? வறுமையைத் தம் தொழிலிலேயே கண்டறிந்த அவர், சங்கத்தின் கணக்கேட்டைக் கையில் எடுத்தபோது, எழுதுகிறவன் பட்டினி கிடக்கலாகாது என்பதையே முதல் விதியாகக் கொண்டார் என்று நாம் எண்ணுகிறோம். ஏனெனில், சங்கம் நூலின் விலையில் நூற்றுக்கு முப்பது பங்கை ஆசிரியருக்கு அளித்தது. வேறிடங்களில் நூற்றுக்குப் பத்துக் கிடைப்பதே பெரும்பேறு. ரூபாய்க்குப் பதினாறணாவாக இருந்த அந்நாளில், ஒரு ரூபாய்ப் புத்தகத்தில் ஏறக்குறைய ஐந்தணா எழுதியவருக்குச் சேர்ந்தது. ஆதாயத்தைத் தனியே எடுத்துச் செல்ல முதலாளி எவரும் இல்லாததாலேயே இது கைகூடிற்று.

அவர்கள் முதன்முதலில் வெளியிட்ட நூல் எது? தகழி சிவசங்கர பிள்ளையின் சிறுகதைத் தொகுதி! வாணிபர் தயங்கும் சரக்கையே அவர்கள் முதலில் கையிலெடுத்தனர்.

அவற்றை வாங்கியோர் யார் என்பதையும் காண வேண்டும். அதே 1945இல் அம்பலப்புழையில், பி. என். பணிக்கர் என்னும் மற்றோர் ஆசிரியர் நாற்பத்தேழு சிற்றூர் நூலகங்களை ஒன்றிணைத்து ஒரு நூலகச் சங்கம் அமைத்தார். அந்த இயக்கம் ஊர்தோறும் பரவிற்று. கோட்டயத்தில் அச்சேறிய நூலுக்கு வாங்குவோர் சிற்றூர்ப் படிப்பகங்களில் காத்திருந்தனர். நன்கொடையைவிட நிலையான வாசகரே அத்தகைய பதிப்பாளருக்கு உயிர்நாடி.

சங்கத்தின் கதை முற்றிலும் இனிமையானதன்று. அதன் விற்பனையைத் திறம்பட நடத்தி வந்த டி. சி. கிழக்கேமுறி 1974இல் விலகித் தம் பெயரிலேயே பதிப்பகம் தொடங்கினார். அது பெரிதாக வளர்ந்தது. சங்கமோ பிற்காலத்தில் பல இடர்ப்பாடுகளைக் கண்டது.

நம் தமிழகத்தில் இப்பணி பெரும்பாலும் தனியொருவர் தோளிலேயே விழுந்தது. பி. எஸ். ராமையா 1935இல் ‘மணிக்கொடி’யைச் சிறுகதைக்கென்றே நடத்தினார், சில ஆண்டுகளில் அது நின்றது. அதில் எழுதிய புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் திருவனந்தபுரத்தில் இறந்தபோது, குடும்பத்துக்கு விட்டுச்சென்ற பொருள் ஏதுமில்லை. ‘மணிக்கொடி’யில் வளர்ந்த மற்றொருவரான சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை கைப்பொருளை இழந்து நடத்தினார். நூல்களையும் அச்சிட்டு, மூட்டையாகக் கட்டிச் சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். பஷீர் சுமந்த அதே சுமை! மூட்டையில் பாதி திரும்பி வந்த நாள்களும் இருந்திருக்கும்.

இன்றும் நம் ஊர்களில் அத்தகைய சிறு பதிப்பாளரும் சிற்றிதழ் நடத்துவோரும் உள்ளனர். எழுத்தாள நண்பரிடம் இலவசப் பிரதி கேட்பதை நாம் உரிமையாகக் கருதுகிறோம். அவருடைய மனைவி அதைக் கேட்டு என்ன நினைப்பாள் என்பதைக் கருதுவதில்லை. ஆண்டுச் சந்தாவை மூன்று நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பிறகு அனுப்புகிறோம். முன்பணமாக வரும் சந்தாவே தாள் வாங்க உதவும். காலந்தாழ்ந்து வருவது கடனை அடைக்க மட்டுமே உதவும்.

புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கும், திருமண வீட்டுக்கும் நாம் வாங்கிச் செல்லும் பரிசுப் பொருள்களுள் ஒரு கதைத் தொகுதியும் இடம்பெறலாம். பங்கு நூலகத்தின் அலமாரியில் கதை நூல்கள் எத்தனை உள்ளன, அவற்றுள் கடைசியாக வாங்கியது எந்த ஆண்டு என்று அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோமாக. சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே சில பங்குகளில் நேரமாகும்.